பவானி தொடக் கூடாத தட்டு

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மணப்பெண் ஓடிப்போனால் ஊர் என்ன பேசும்? அதுவும் கட்டிக்கப்போகிற மாப்பிள்ளையோடேயே ஓடிப்போனால்? தேவனாம்பட்டினத்துப் பவானி 2010 தை மாதத்தில் அதைத்தான் செய்தாள்!

காரணம் அவள் அப்பா சிங்காரம். புயலில் கட்டுமரம் தள்ளிய மனிதர், கல்லீரல் புற்றுநோய்க்குப் போட்ட கீமோ ஊசியைக் கண்டு நடுங்கினார். வாந்தி, வாய்ப்புண், எலும்புக்குள் வலி. "நோவு கொல்லட்டும் தாயி, மருந்து வேணாம்" என்று பாதியிலேயே வீட்டுக்கு வந்தார். வந்த மாதமே போய்விட்டார்.

அப்போது சிதம்பரத்தில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்த பவானிக்கு ஒரே கேள்வி. அந்த மருந்தைப் பாதியாகக் குறைத்து, மீதி வேலையை வேறொன்று செய்தால் அப்பா சிகிச்சையை விட்டு ஓடியிருப்பாரா? அந்த வேறொன்றை அவள் மஞ்சளிலிருந்து எடுத்தாள். குர்குமின் என்று அதற்குப் பெயர். அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள்.

சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய் செல்களை வளர்ப்பாள். ஒரு வரிசையில் எதுவும் போடமாட்டாள். ஒன்றில் பாதி மருந்து, ஒன்றில் குர்குமின், ஒன்றில் இரண்டும். இரண்டு நாள் கழித்துச் சாயம் ஊற்றினால் உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். செத்த செல்லில் சாயம் வெளிறியே கிடக்கும். இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் தட்டு முழுக்க ஊதா, எந்த வரிசையிலும் செல் சாகவில்லை! மூன்றாவதும் ஊதாவானால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் சொல்லிவிட்டார்.

மூன்றாவது தட்டுக்குச் சாயம் ஊற்றும் நாளும் நலங்கு நாளும் ஒன்றாகவே வந்து விழுந்தன. ஜூனியர் தமிழ்வேந்தனிடம் தட்டை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் மனசை எங்கே ஒப்படைப்பது? பெண்கள் கன்னத்திலும் கையிலும் மஞ்சளை அப்ப அப்ப, அவள் கண் செல்போனிலேயே இருந்தது. கடைசியில் கொல்லைப்புறம் போய், கட்டிக்கப்போகிற மாமன் மகனைப் போனில் கூப்பிட்டாள்.

"மச்சான், என்னைச் சிதம்பரம் கூட்டிட்டுப் போறியா?"

"காப்பு கட்டியிருக்கு புள்ள! கல்யாணம் முடியிற வரை ஆத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா எங்கம்மா என் முதுகுல டின் கட்டிடும்" என்றான் சிவசங்கர்.

"சரி, நான் பஸ்ல போறேன்."

"இரு, இரு! வண்டி எடுத்துட்டு வர்றேன்."

வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சிவசங்கர், "கண்ணை மூடிக்கிட்டா ஆறு தாண்டின கணக்கு வராது" என்றான்.

"ஐயோ மச்சான், வண்டி ஓட்டுறதே நீதான்!"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க ஆய்வகத்தில் போய் நின்றாள். தமிழ்வேந்தன் கதவை மறித்துக்கொண்டான்.

"அக்கா, அங்கேயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

"என்னடா, நான் போட்ட தட்டுடா அது!"

"உங்க கையப் பாருங்க. கழுத்துல, காதுல எல்லாம் மஞ்சத்தூளு. ஒரு துளி விழுந்தாலும் மஞ்சள் போடாத வரிசையிலயும் மஞ்சள் சேந்துடும். அப்புறம் எந்தக் கலரை நம்புறது?"

பவானி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். மூன்று வருஷமாகக் குர்குமினை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் போட்டவள், உடம்பெல்லாம் அதையே பூசிக்கொண்டு வந்து நிற்கிறாளே! குழாயடிக்கு ஓடிச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தங்கமாக மின்னியதுதான் மிச்சம்.

வேறு வழியில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தன் தட்டை இன்னொருவன் கையில் பார்த்தாள். சாயம் ஊற்றி, காத்திருந்து, அவன் தட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கினான். எதுவும் போடாத வரிசை, கரு ஊதா. பாதி மருந்து மட்டும் போட்டது, ஊதா. குர்குமின் மட்டும் போட்டது, அதுவும் ஊதா. பவானி சிவசங்கரின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

இரண்டும் சேர்ந்த வரிசை வெளிறிக் கிடந்தது!

தமிழ்வேந்தன் தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தான். அப்புறம் வெள்ளைக் கோட்டோடு குத்தாட்டம் போட்டான். பவானி பாய்ந்து சிவசங்கரைக் கட்டிக்கொண்டாள். அவன் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் அப்பியது.

"இது வெறும் தட்டுதான் மச்சான்" என்றாள் அழுதுகொண்டே சிரித்து. "இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். அப்புறம் எலி, அதுக்கப்புறம்தான் மனுஷன். எத்தனை வருஷம் ஆகுமோ!"

"ஆவட்டும். நான் என்ன, ஓடியா போயிடப்போறேன்?"

அப்போது போன் அடித்தது. அம்மா ஞானாம்பாள்.

"எங்கடி தொலைஞ்ச? நலங்கு வெச்ச பொண்ணைக் காணோம்னு ஊரே சிரிக்குது!"

"சிதம்பரத்துலம்மா. தட்டைப் பாக்க வந்தேன்."

திட்டு மழை கொட்டப்போகிறது என்று பவானி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். மழை வரவில்லை. நடுங்குகிற சின்னக் குரல்தான் வந்தது.

"செத்துச்சாடி?"

"செத்துடுச்சும்மா! பாதி மருந்துலயே!"

"செத்துடுச்சு! செத்துடுச்சு!" என்று அம்மா போட்ட கூச்சல் கல்யாண வீட்டை உலுக்கியது. தாம்பாளம் ஒன்று தரையில் விழும் ஓசை. "ஐயையோ, யாரு?" என்று பத்துப் பதினைந்து குரல்கள்.

"எம் புருஷனைத் தின்னது செத்துடுச்சு! ஏம்ப்பா மேளக்காரரே, சும்மா உக்காந்திருக்கியே, அடிப்பா!"