உலுக்காத வண்டி

என் மனைவியால் உட்கார முடியாது. நோய் முதுகெலும்புக்குப் போன பிறகு படுத்தே இருந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம், வருகிறவர்களெல்லாம் அழுவார்கள், நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும் என்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இங்கே ஷார்ஜாவில் நர்ஸாக இருந்தவள். அவளுக்கு ஆசை ஒன்றுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொர்ஃபக்கான் கடற்கரையில் ஒரு ராத்திரி படுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஃபிளாட் ஷார்ஜா ரோலாவில். நான் ஏசி மெக்கானிக். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடலுக்குக் காரில் கூட்டிப் போகவும் வழியில்லை. அப்போதுதான் கேரவன் ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்களே, உள்ளே கட்டிலும் அடுப்பும் கக்கூஸும் வைத்த வண்டி. சின்னதாக ஒன்று வாங்கி, அவளை அதில் படுக்க வைத்து, என் காரில் மாட்டி இழுத்துப் போய்விட்டால்? இந்த யோசனை வந்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அன்றிலிருந்து தண்ணீரையும் மாத்திரையையும் அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, பழைய வண்டி விற்கும் யார்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். என் கார் சின்னது, பெரிய வண்டியை இழுக்காது. பின்பக்கம் பாரம் கூடினால் ஓட்டத்தில் வண்டி வாலாட்டும் என்றார்கள். அதனால் கட்டில் பின்னால் இருந்த வண்டிகளையெல்லாம் தள்ளினேன். சக்கரத்துக்கு மேலே கட்டில் வரவேண்டும், குலுக்கல் குறைவாக இருக்கும் என்பது என் கணக்கு. விற்கிறவர்கள் ஃபிரிட்ஜைக் காட்டுவார்கள், வெளியே இழுத்து விரிக்கிற பந்தலைக் காட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். உலுக்காமல் வருமா, அதை மட்டும் சொல் என்பேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. டூர் போக என்றேன். வீட்டுச் சீக்கை வெளியே சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் திரும்பினால் அவள் படுத்தபடியே கேலி செய்வாள். "என்னங்க, பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல போறீய. இன்னைக்காவது ஒண்ணு புடிச்சுதா? இல்ல, இதுக்கும் மூக்கு சரியில்லையா?"

"நல்லதா அமையணும்லா" என்பேன்.

"ஆமா, அவசரமா ஒண்ணுமில்ல. நாளைக்கும் போய்ப் பாருங்க."

கடைசியில் ஒன்று அமைந்தது. ஒற்றை அச்சு, முட்டை வடிவம், கட்டில் நடுவில். யார்டுக்காரன் பாகிஸ்தான்காரன், ஒரு பட்டாணியன். "மக்கன், பாய், மக்கன்" என்றான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருமாம். சரி, நான் உள்ளே படுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் இழுத்துக் காட்டு என்றேன்.

அவன் இரண்டு கையையும் வீசினான். "ஆள் உள்ளேயா? மாஃபி, மாஃபி!" முடியவே முடியாதாம். ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக் கூடாதாம், போலீஸ் பிடிக்குமாம், ஆளுக்கும் ஆபத்தாம். எனக்கு வந்த கோபத்தில் அதுவரை யாரிடமும் சொல்லாததைக் கத்திச் சொல்லிவிட்டேன். அவன் தன் பிக்கப்பைப் பின்னால் எடுத்து வண்டியை மாட்டினான். என்னை ஏறிப் படுக்கச் சொன்னான்.

யார்டுக்குள்ளேயே, மனிதன் நடக்கிற வேகத்தில்தான் இழுத்தான். வாசல் பக்கம் ஒரு மேடு. அதில் சக்கரம் ஏறி இறங்கியதும் என் முதுகில் யாரோ பலகையால் அடித்த மாதிரி இருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கொர்ஃபக்கானுக்கு மலை வழியாகப் போக வேண்டும். நல்ல முதுகுள்ள எனக்கே இப்படி என்றால் அவள் செத்துப்போவாள் என்று அந்தக் கட்டிலில் படுத்தே தெரிந்துகொண்டேன்.

இறங்கியதும் அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "காடி அச்சா ஹை, பாய். பாபி கே லியே நஹி." வண்டி நல்ல வண்டிதான், அண்ணிக்கு ஆகாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியுங்க. ஆம்புலன்ஸ்ல எத்தன பேரு கூடப் போயிருக்கேன். எலும்புல வந்தவுகளுக்கு ஒரு சின்னக் கல்லுல டயர் ஏறினாலும் உசுரு போவும்."

"பெறவு எதுக்குட்டி என்னை இவ்வளவு நாள் அலையவிட்ட?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தா என்னால கத்த முடியல. மாத்திர போட்டாலும் வலி நிக்க மாட்டேங்கு. நீங்க வண்டி பாக்கப் போற நேரத்துலதான் வாய்விட்டுக் கத்துதேன்."

மறுநாள் காலையில் சட்டையை மாட்டினேன். புதிதாக ஒரு யார்டு திறந்திருக்கிறதாம் என்றேன். "பாத்துட்டு மெதுவா வாங்க" என்றாள். கீழே இறங்கிக் காருக்குள் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் கத்தினால் அங்கே கேட்காது. ஆனாலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன்.