அளக்காமல் எழுதிய தூரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிணறு அளக்கும் வேலை கிடைத்தது. நிலத்தடி நீரைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் இளநிலைப் பதவி. மாதம் ஒரு முறை திருநெல்வேலியிலிருந்து வள்ளியூருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அங்கே ஒரு கடையில் நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், குறித்து வைத்த பத்துப் பன்னிரண்டு கிணறுகளில் டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று எழுதி வர வேண்டும். படித்த படிப்புக்கு இது போதுமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது சேரன்மகாதேவி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், நாலு தெரு தாண்டினால் ஆறு. இருபத்தைந்து வயது வரை தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. வள்ளியூர்ப் பக்கம் அப்படியில்லை. மேற்கே மலை தெரியும், மலை மேல் மேகமும் தெரியும். மழை அங்கேயே நின்றுவிடும். இந்தப் பக்கம் செம்மண்ணும் சரளையும் குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரங்களும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் குளம் பிடித்து வைக்கும். குளத்தில் கிடக்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறும். அந்த ஊற்று இருக்கிற வரைக்கும்தான் ஜனம் ஊரில் இருக்கும்.

நான் அளந்த கிணறுகளில் ஒன்று ஒரு அக்காவுடையது. வயது நாற்பதுக்குள் இருக்கும். புருஷன் இறந்துபோய், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கத்தரியும் மிளகாயும் போட்டுவந்தார். கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு, உள்ளே இறங்கப் படிகள். ஊர்ப் பெண்கள் குடிதண்ணீர் எடுத்ததும் அதில்தான். காலையில் அவர்கள் குடத்தோடு வந்து போகும்வரை அக்கா மோட்டார் போட மாட்டார். ஏழாவது படிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் பயிர் வாடினாலும் இறைக்க மாட்டார்.

"முழுசா இறைச்சுட்டா மீனு எங்கன போவும் தம்பி? ஆமை வேற கெடக்கு" என்றார் ஒரு நாள். "குடிக்கதுக்கும் வேணும்லா."

நான் சிரித்தேன். அதைக் குறித்து வைத்துக்கொள்ள என் நோட்டில் இடம் இருக்கவில்லை.

இரண்டாம் வருஷம் பக்கத்துத் தோட்டத்தை ஒருவர் வாங்கினார். பம்பாயில் முப்பது வருஷம் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டுத் திரும்பி வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வாழை போட வேண்டும், நாலு தென்னை வைக்க வேண்டும், மிச்சக் காலத்தை மரத்தடியில் கழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆழ்துளைக் கிணறு போட பேங்கில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார். நிலத்தில் தண்ணீர் உண்டா என்று பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

கிளம்பும்போது எங்கள் அதிகாரி சொன்னார்: "ஆகும்னு எழுதினா ஒரு காகிதம்வே. ஆகாதுன்னு எழுதினா பத்துக் காகிதம். பாத்துக்கிடும்."

தண்ணீர் பார்க்க நான் கொண்டுபோனது, இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து மின்சாரம் விட்டுப் பார்க்கிற கருவி. காலையிலிருந்து வெயிலில் கம்பிகளை மாற்றி மாற்றி அடித்தேன். மத்தியானத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. குளத்தங்கரையிலிருந்து பாறைக்குள் ஒரு வெடிப்பு ஓடி வருகிறது. அண்ணாச்சி தோட்டத்து மூலையைத் தொட்டுக்கொண்டு நேரே அக்காவின் கிணற்றுக்குப் போகிறது. அந்த மூலையில் துளை போட்டால் தண்ணீர் வரும். அது அக்காவின் கிணற்றுக்குப் போகிற தண்ணீர்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அருகிலுள்ள குடிநீர்க் கிணற்றின் தூரம். இருநூறு மீட்டருக்குள் இருந்தால் அனுமதி இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் வைத்திருந்தோம்.

"இத அளக்கணுமா சார்வாள்?" என்றார் அண்ணாச்சி. "எரநூறுக்கு மேலயே இருக்கும். வெயில்ல அலையாதீங்க. வீட்ல சோறு ஆறுது."

டேப் என் பையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிணற்றுச் சுவர் தெரிந்தது. இருநூறு இல்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் அளக்கிறவனுக்குக் கண்ணே டேப்தான். ஆனாலும் 'இருநூறு மீட்டருக்கு மேல்' என்று எழுதினேன். அவர் எனக்கு ஒன்றும் தரவில்லை, ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர. நல்ல மனுஷர். அவர் மனைவி எனக்காகக் காத்திருந்து பரிமாறினார்கள். அந்த மூலை வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். பத்துக் காகிதமும் நினைவுக்கு வந்தது. வேறு பெரிய காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

துளை போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். பாறை வெள்ளைத் தூளாகப் புகைந்துகொண்டே இருந்தது, திடீரென்று கருத்து, பிறகு சேறாகி, தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. ஊரே கூடிவிட்டது. அக்காவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னவள் நனைந்துகொண்டு நின்றாள்.

"நம்ம பூமிக்குள்ள இம்புட்டுத் தண்ணி கெடக்கா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"கெடக்கு அக்கா" என்றேன்.

அதைப் பார்த்து அடுத்த வருஷத்துக்குள் குளத்தைச் சுற்றி இன்னும் நாலு பேர் துளை போட்டார்கள். அவர்கள் யாரும் பேங்கில் கடன் கேட்கவில்லை, அதனால் அறிக்கைக்கும் வரவில்லை. வாழை எழும்பியது. காய்ந்த சரளைக்கு நடுவே அந்தப் பச்சையைப் பார்க்க நன்றாகவே இருந்தது. அந்த வருஷம் கார்த்திகை மழை சரியாகப் பெய்யவில்லை. குளத்தில் கால்வாசிகூட இல்லை. அக்காவின் கிணற்றில் தை மாதமே ஏழாவது படி வெளியே தெரிந்தது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். நிறுத்தியும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த மாதம் ஒன்பதாவது படி. அதற்கடுத்த மாதம் படிகளே முடிந்துவிட்டன.

பங்குனியில் நான் டேப்பை இறக்கியபோது அடியில் 'டக்' என்று பாறையில் இடித்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் தாம்பாளம் அளவுக்குச் சேறு. அதில் வெள்ளையாகக் கெண்டைகள் செத்துக் கிடந்தன. நாற்றம் மேலே வந்தது. கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற உடைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. ஒன்றிலும் குருவி இல்லை. அக்கா கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கி, ஆமையை ஒரு ஓலைக் கடகத்தில் எடுத்து வைத்திருந்தார். "பிள்ளைங்க இத கொளத்துல விடட்டும்" என்றார். குளத்திலும் அப்போது நடுவில்தான் கொஞ்சம் கிடந்தது. பெண்கள் அங்கே ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் வழக்கம்போல நோட்டை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'வறண்டது' என்று எழுதினேன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"மாசாமாசம் அளந்து எழுதுதியளே தம்பி, அத யாரு படிப்பா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஒரு பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போனேன். அவர் காய்ந்த மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அண்ணாச்சியின் படிவத்தில் நான் எழுதிய தூரம் பொய் என்றும், அன்றைக்கு நான் அளக்கவே இல்லை என்றும், அளந்திருந்தால் அந்த இடத்தில் துளை போட்டிருக்க முடியாது என்றும் சொன்னேன்.

அக்கா கையில் இருந்த செடியைக் கீழே போட்டார்.

"இப்ப டேப்பு இருக்கா?"

இருந்தது. அவர் கிணற்றுச் சுவரில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் அண்ணாச்சியின் துளை வரை இழுத்துக்கொண்டு போனேன். தொண்ணூறு மீட்டர்கூட இல்லை.

"இத எழுதித் தாங்க" என்றார். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பெரியவளைக் கூப்பிட்டு ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அதே விஷயத்தை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பழைய அறிக்கையையும் இதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "ரெண்டுலயும் உம்ம கையெழுத்துதான் இருக்கு. எது பொய்யின்னு நான் எழுதட்டும்?" என்றார். பிறகு எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. துளைக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டது போட்டதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரார் பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். அக்கா தாளை நீட்டினார். அண்ணாச்சி அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நான் திருடிட்டேன்னு சொல்லுதியளா? சார்வாள்தான எழுதுனாவ" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

"நீங்க திருடல அண்ணாச்சி" என்றார் அக்கா. "உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுட்டுல்லா."

அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மறுநாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் ஊருக்குத் தண்ணீர் விடுகிறேன் என்றார். இந்த வாழையை வெட்டி முடித்ததும் இனி வாழை போடவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் செய்தார். மற்ற நாலு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க நெலத்துக்குள்ளதான தண்ணி எடுக்கோம்" என்று வெளியே போய்ச் சொன்னார்கள்.

குளத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் வருகிற கால்வாய் பல வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டி அடைந்து கிடந்தது. அந்த ஆவணியில் ஊரார் அதை வெட்டினார்கள். நானும் லீவு போட்டுப் பத்து நாள் போனேன். என்னை யாரும் வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. முள் குத்திய கையோடு சேரன்மகாதேவிக்குத் திரும்பி வருவேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். துவைக்கிறவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் போய்விட்டது. வீட்டில் யாராவது குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் கத்தினேன். இவனுக்கு என்ன வந்தது என்று அம்மா அப்பாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. வெட்டிய கால்வாய் வழியே தண்ணீர் வந்து குளம் நிறைந்தது. மார்கழியில் கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கின. அக்காவின் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஏழாவது படிக்கும் மேலே வந்தது. நான் அளந்து எழுதும்போது மனசுக்கு நன்றாகவே இருந்தது. மாசி முடிவதற்குள் மறுபடியும் பாறை தெரிந்தது. அந்த நாலு துளைகளில் இரண்டை இன்னும் ஆழமாகப் போட்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வருஷமும் அப்படியே. அக்கா தோட்டத்தை விட்டுவிட்டு வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போனார். பெரியவள் வீட்டில் பீடி சுற்றினாள். மூன்றாம் வருஷம் அண்ணாச்சியின் மோட்டாரும் காற்றைத்தான் இழுத்தது. தென்னை வைத்த குழிகளில் எருக்கு முளைத்தது.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அண்ணாச்சி திருநெல்வேலிக்கு என் அலுவலகத்துக்கு வந்தார். நன்றாக வயசாகிவிட்டது. குளத்தில் தண்ணீர் நிற்கிற உள்வாயை ஒட்டி வெளியூர்க்காரர் ஒருவர் துளை போடப்போகிறார், அதைத் தடுக்க மனுக் கொடுத்திருக்கிறோம், அதில் அக்காவும் கைநாட்டு வைத்திருக்கிறார் என்றார்.

"நீங்க வந்து அளக்கணும் சார்வாள்" என்றார்.

போய் அளந்தேன். நாலு பக்கத்திலிருந்தும் அளந்தேன். இடம் ஆகாது என்று எழுதி, ஏன் ஆகாது என்று பத்துப் பக்கத்துக்கு எழுதி, வரைபடமும் வைத்துக் கொடுத்தேன். அந்த அறிக்கையை ஒருவரும் மறுக்கவில்லை, அதை வைத்துத் தடுக்கவும் இல்லை. அடுத்த மாதம் லாரி வந்து துளை போட்டுவிட்டுப் போனது.

நான் அப்போது அங்கே இல்லை. அண்ணாச்சியும் அக்காவும் குளத்தங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு ஊருக்குப் போனபோது அக்காவிடம் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துது தம்பி" என்றார். "நல்லாத்தான் வந்துது."