காய் வராதவரைக்கும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்யும் அவளை வாடிக்கையாளர்கள் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் முன்னறையில் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள். சில நாள் கழித்து வந்து மாட்டிப் பார்த்து, "இப்பத்தாங்க உலகமே தெரியுது" என்று கடைக்காரரிடம் சொல்வார்கள். அந்தப் பாராட்டு திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உள்ளே, நீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரவைப்பது அவள் வேலை. மயிரிழை கூடினால் லென்ஸ் விரிசல் விடும். மயிரிழை குறைந்தால் கழன்று விழும். இருபது வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்தவள், நாற்பதைக் கடந்தும் அதே முக்காலியில்தான் இருக்கிறாள். அறைக்கு ஜன்னல் கிடையாது.

அந்த ஜன்னல் இல்லாத குறைதான் அவளை ஊருக்கு வெளியே இருந்த மேட்டுக்கு அனுப்பியது. ஒரு சாண் தூரத்திலேயே நாளெல்லாம் நிற்கும் பார்வையை எங்காவது தொலைவில் ஓடவிட வேண்டும் போலிருந்தது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த, மேட்டு வேலைக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடும் ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்தாள்.

மேட்டின் உச்சியில் ஒரு சதுப்பு இருந்தது. பார்வைக்குப் புல்லும் பாசியும்தான். காலை வைத்தால் நிலம் மெத்தைபோல் அமுங்கும். பாதி மக்கிய பாசி காலங்காலமாக ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, ஆளுயரத்துக்கு மேல் கருப்பு மண்ணாக அடியில் கிடந்தது. முன்பொரு காலத்தில் அங்கே வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த பைன் மரங்களை நட்டிருந்தார்கள். மரத்தை அறுத்துக்கொண்டு போனவர்கள் விதையை விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் காற்று சதுப்பெங்கும் தூவியது. முளைத்த கன்றுகளெல்லாம் நீரை உறிஞ்ச, கருப்பு மண் காய்ந்து வெடித்தது. வாய்க்கால்களை அடைப்பதும் பைன்களை வெட்டுவதும், சதுப்பைப் பழையபடி ஊறவைப்பதும்தான் அங்கே வரும் தன்னார்வலர்களின் வேலை. பறவைகள் கூடு கட்டத் தொடங்கும்வரை, மாதம் ஒரு ஞாயிறு.

அணித்தலைவர் பள்ளி வேன் ஓட்டுபவர். மூடுபனியில் ஆட்களைத் திரட்டுவதற்காகக் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருந்தார். அதனால் அவர் எல்லோருக்கும் விசில் அண்ணன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். வெட்டிய இடத்துக்குக் கீழே ஒரு பச்சைக் கிளைகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால், அந்தக் கிளை தலையை நிமிர்த்திக்கொண்டு புது மரமாக எழுந்துவிடும்.

"பாசிய அமுக்கிப் பாருங்கப்பா. உள்ள கமுக்கமா படுத்திருப்பான்," என்பார். தவறவிட்டவர் அடுத்த மாதம் எல்லோருக்கும் டீ சுமந்து வர வேண்டும்.

முதல் நாளே அவள் கண்ணில் ஒன்று சிக்கியது. "அந்த வாய்க்கால் ஓரத்துல ஒரு கட்டைல பச்சை தெரியுது."

"எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்று விசில் அண்ணன் கண்ணைச் சுருக்கினார்.

"எனக்குத் தெரியும்ணே," என்று பின்னாலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். "நான்தான் விட்டு வச்சேன். எல்லாத்தையும் முடிச்சுட்டா அடுத்த மாசம் இங்க எதுக்கு வர்றது?"

அவன் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். விடுமுறையில் வந்திருந்தான். அடுத்த மாதம் இரண்டு பிளாஸ்க் டீயை முக்கி முனகிக்கொண்டு மேலே தூக்கி வந்தவன், முதல் குவளையை அவளிடம் நீட்டி, "காட்டிக் குடுத்தவங்களுக்குச் சர்க்கரை கம்மி," என்றான். அடுத்த குளிர்காலம் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அவன் கப்பலேறும் முன், இருவரும் சதுப்பின் கோடியில் முழங்கால் உயரப் பைன் கன்று ஒன்றைக் கண்டார்கள். அவள் பிடுங்கக் குனிந்தபோது அவன் தடுத்தான்.

"இருக்கட்டும். நான் கப்பல விட்டு ஒரேயடியா எறங்குற அன்னிக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரம்பம் புடிச்சு அறுப்போம். இந்த மேட்டுல அதுதான் கடைசி மரம்."

"விசில் அண்ணன் சும்மா விடுவாரா?"

விசில் அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல நான் தலையிட மாட்டேன். காய் வராதவரைக்கும் நிக்கட்டும். காய் வந்தா விதை. விதை வந்தா நம்ம வேலை எல்லாம் வீண்."

அவன் போவதும் வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு விடுமுறையிலும் அந்த மரத்தருகே போய் நின்று அளந்துகொண்டார்கள்: அவள் இடுப்பு, அவள் தோள், பிறகு அவன் தொப்பி. இந்தக் கப்பலோடு சரி என்று அவன் சொல்லாத ஆண்டு கிடையாது. வீட்டில் கட்டிலின் அவன் பக்கத்தில் மடித்த துணிகளை அடுக்கி வைப்பாள். வெறுமையாகக் கிடந்தால் தூக்கம் வராது. மேட்டுக்குப் போகும்போது அவனுடைய கையுறைகளைத்தான் போட்டுக்கொள்வாள். விரல்நுனிகளில் பஞ்சு அடைத்திருந்தாள்.

அவளோடு துணைக்கு வருபவள் அவன் தங்கை. பல் மருத்துவரிடம் உதவியாளர். அங்கே நோயாளிகளைவிட அதிக நேரம் வாய் திறந்திருப்பவள். "ஊர்ல புருஷனுக்காக வாசல்ல காத்திருப்பாங்க. மரத்தடியில காத்திருக்கறது நீங்க ஒருத்தர்தான் அண்ணி," என்பாள்.

போன குளிர்காலத்தில் மரத்தின் உச்சியில் கட்டைவிரல் பருமனில் பச்சைக் காய்கள் இருந்தன. அவள் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. பச்சைக் காயில் முற்றிய விதை கிடையாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தக் குளிர்காலத்தில் அவை பழுப்பாகி இறுகி நின்றன. வெயில் ஏறினால் வெடிக்கும். அடுத்த ஞாயிற்றோடு பருவம் முடிகிறது. அதற்குள் அவன் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை அவன் தொலைபேசியில் அழைத்தான். பின்னால் எஞ்சின் இரைந்தது.

"எனக்குப் பதிலா வர வேண்டியவன் வரல. இன்னொரு சுத்து போயிட்டு வரச் சொல்லிட்டாங்க."

அவள் அடுப்பை அணைத்தாள். "காய் வந்திருச்சுங்க."

"நான் வர்ற வரைக்கும் நிக்காதா?"

"மரம் நிக்கும். விதை நிக்காதே."

அவன் ஏதோ சொன்னான். இரைச்சலில் பாதி கரைந்து இணைப்பு அறுந்தது.

மறுநாள் மேட்டில் மூடுபனி இல்லை. "அண்ணே, காய் வந்திருச்சு," என்றாள்.

விசில் அண்ணன் தன் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "நீ தேய்ச்சுக் குடுத்ததுதானேம்மா. போன மாசமே நல்லாத் தெரிஞ்சுது." இருவர் இழுக்கும் நீள ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

நாத்தனார் மறுமுனையில் மண்டியிட்டாள். "எங்க அண்ணன் பங்கு எங்கிட்ட. ஆனா ஒண்ணு, பாதியில கை வலிக்குதுன்னா விட்டுட்டு ஓடிருவேன். எங்க வம்சமே அப்படித்தான்."

அவள் வழக்கம்போல் கையால் பாசியை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே, நீர் ஊறிய குளிர்ச்சிக்கிடையில், விரல் பருமனில் ஒரு கிளை தரையோடு தரையாக ஊர்ந்து கிடந்தது. நுனியில் பச்சை. நியாயப்படி ரம்பம் அதற்குக் கீழே போக வேண்டும். அவள் விரல்கள் அதன்மேல் கொஞ்ச நேரம் தங்கின. இவ்வளவு சிறியது நிமிர்ந்து மரமாகி மறுபடி காய்க்க எத்தனையோ குளிர்காலம் ஆகும். எந்தக் கப்பலும் அதற்குள் ஒரு தடவையாவது கரைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

ரம்பத்தை ஒரு சாண் மேலே தூக்கி வைத்தாள்.

நாத்தனார் பார்த்தாள். வாயைத் திறந்தாள், அதிசயமாக அப்படியே மூடிக்கொண்டாள். "இழுங்க அண்ணி," என்றாள் பிறகு. "தள்ளாதீங்க, இழுங்க."

மரம் பாசிமேல் சத்தமில்லாமல் சாய்ந்தது. வெட்டிக் கிடந்தாலும் காய் முற்றி வெடிக்கும் என்பதால், கிளை கிளையாகத் தேடி எல்லாவற்றையும் பறித்துச் சாக்கில் போட்டாள். விசில் அண்ணன் வந்து, ஒவ்வொரு கட்டைக்கும் செய்வதுபோல் பூட்ஸ் காலால் பாசியை அமுக்கினார். கால் அங்கேயே நின்றது.

"கீழ ஒண்ணு பச்சையா நிக்குதே."

"தெரியும்ணே."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையுறைகளைப் பார்த்தார். "டீ உன் தலையில. அடுத்த பருவம் முதல் ஞாயிறு. சர்க்கரைய அள்ளிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத." நாலடி நடந்தவர் திரும்பாமலே சொன்னார்: "பழைய பேச்சுதான். காய் வராதவரைக்கும்."

பறிக்கும்போது கோட்டுப் பைக்குள் நழுவிய ஒரு காயை அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டாள். அதை அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தாள். சில நாள் கழித்து அவன் அழைத்தபோது, அடுப்புச் சூட்டில் அது 'டிக் டிக்' என்று செதில் செதிலாக விரிந்துகொண்டிருந்தது. மெல்லிய இறக்கை முளைத்த விதைகள் சமையல் மேடையில் உதிர்ந்தன.

"என்ன சத்தம் அது?"

"உங்க மரம்."

"வெட்டிட்டியா?"

"வெட்டினேன்." விதைகளை உள்ளங்கையால் ஒன்றாகக் கூட்டினாள். "கீழ ஒரு கிளை விட்டிருக்கேன்."

எஞ்சின் இரைச்சலுக்கு மேல் அவன் குரல் வந்தது.

"ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு வை. துரு ஏறிடும்."

"அன்னிக்கே போட்டுட்டேன்," என்றாள்.