ஆடி பிறப்பதற்குள் ஒரு காத்தாடி

எங்கள் வீட்டில் ஆடி மாதத்தில் ஒரு விளக்குமாறுகூடப் புதிதாக வாங்க மாட்டார்கள். பழையது தேய்ந்து கட்டையாகிப் போனாலும் ஆவணி பிறக்கிற வரைக்கும் அதை வைத்தே காலத்தை ஓட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுப்பது மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது ஏன் வராது என்று அம்மாவிடம் கேட்டு ஒருமுறை முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் இந்த விஷயத்தில் அம்மாவுக்குச் சளைத்தவர் இல்லை. காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார். இப்படிப்பட்ட வீட்டின் மொட்டை மாடியில்தான் என் மாமா காத்தாடி வைத்துக் கரண்ட் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றார். காற்றோ, எங்கள் ராஜபாளையத்தில் ஆடியில்தான் மலையிலிருந்து இறங்கி ஆளையே தள்ளுகிற மாதிரி அடிக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராணுவத்தில் வண்டிகளையும் ஜெனரேட்டர்களையும் பழுது பார்க்கிற பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு கூமாப்பட்டிக்குத் திரும்பி வந்தவர். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியாகத்தான் இருக்கும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு, தம்பி யுகேஜி. ஊரெல்லாம் கரண்ட் கட்டாகிக்கொண்டிருந்த காலம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. இருந்து என்ன செய்ய? அதன் பேட்டரி நிறைவதற்குள் மறுபடியும் கரண்ட் போய்விடும். அரை வயிற்றோடு அது எவ்வளவு நேரம்தான் உழைக்கும்? தம்பிக்கு வீசிங் உண்டு. நெஞ்சு இழுக்க ஆரம்பித்தால் மூக்கில் மாஸ்க்கை மாட்டி, மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற மெஷினைப் போட வேண்டும். மெஷின் ஓடாத நேரத்தில் இழுப்பு வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம்தான் ஓட வேண்டும். ஆட்டோவில் அம்மா அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வழியெல்லாம் "வந்துட்டோம்டா, வந்துட்டோம்டா" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தம்பியின் கழுத்துக் குழியையே பார்ப்பேன். மூச்சுக்கு மூச்சு அது உள்ளே போகும். அடுத்த மூச்சு வருகிற வரைக்கும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவேன். அப்படி ஒரு பயணத்தில் மாமாவும் கூட வந்தார். அதற்குப் பிறகுதான் காத்தாடிப் பேச்சை எடுத்தார். தென்காசி ரோட்டில் சுற்றுகிற பெரிய காத்தாடிகளுக்குக் குட்டி போட்ட மாதிரி ஒன்று, வீட்டுக்கென்றே விற்கிறார்களாம். காற்று அடிக்க அடிக்க இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்துகொண்டே இருக்குமாம்.

இறக்கைகள், டைனமோ, வால் எல்லாம் வந்து சேர்ந்தன. காத்தாடியைத் தாங்குகிற குழாயை மாமா பட்டறையில் கொடுத்து வெல்டு வைத்து வந்தார். குழாய் சாயாமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிற கம்பிகளில் ஒன்றுக்கு எங்கள் மாடியில் தோதான இடம் இல்லை. பக்கத்து வீட்டு பாய் தன் மாடித் தூணிலேயே கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவருக்குக் கீழே வண்டி சாமான் கடை, மேலே வீடு. பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றிக் கொடுப்பார்.

வராதது ஒரே ஒரு பெட்டிதான். பேட்டரி நிறைந்த பிறகும் காத்தாடி சும்மா இருக்காது, கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த மிச்ச கரண்டை வாங்கிச் சூடாக்கி எரித்துவிடுகிற பெட்டி அது. கோயம்புத்தூரிலிருந்து பார்சல் லாரியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டும். மாமா தினமும் போன் போட்டுக் கேட்டார், வரவில்லை. மறுநாளோடு ஆனி முடிகிறது.

"பெட்டி இல்லாம ஓட்டுறது, பிரேக் இல்லாம வண்டிய எடுக்கிற மாதிரிக்கா. ரெண்டு நாள் பொறு" என்றார் மாமா.

"பொறுத்தா ஆடி பொறந்துரும்லே. பொறவு ஆவணிக்குத்தான்."

"காத்துக்குப் பஞ்சாங்கம் தெரியுமாக்கா?"

"காத்துக்குத் தெரிய வேண்டாம். வைக்கிறது எம்புள்ளைக்கு, எனக்குத் தெரியும்ல" என்றாள் அம்மா.

குழாயை மட்டும் நட்டுவிட்டு இறக்கையைக் கட்டி வைத்தால் என்ன என்று மாமா அப்பாவைப் பார்த்தார். சுற்றினால்தான் ஆரம்பித்ததாகக் கணக்கு என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசியில் மாமா இறங்கி வந்தார். காலையில் சுற்ற விடுவது, காற்று கூடுவதற்குள், வாலை மடக்கி இறக்கையைக் காற்றுக்கு முகம் காட்டாமல் திருப்பிவிடுகிற கயிற்றை இழுத்து நிறுத்திவிடுவது என்று முடிவானது. டெஸ்டிங் அன்று மானம் போய்விடக் கூடாதே என்று முன்ஜாக்கிரதையாக, பேட்டரியைப் பாய் கடையில் கொடுத்துத் தளும்பத் தளும்பச் சார்ஜும் ஏற்றி வந்துவிட்டார்.

மறுநாள் காலை தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சாம்பிராணி போட்டார்கள். இறக்கைகள் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன. மாமா மீட்டரைத் தூக்கிக் காட்டினார். அதில் முள் லேசாக அசைந்ததற்கே அப்பா கைதட்டினார். வழக்கம்போல் கரண்ட் போனது. வழக்கமில்லாமல் எங்கள் வீட்டில் யாரும் முனகவில்லை. தம்பி ஃபேனுக்கு அடியில் போய் அண்ணாந்து நின்றுகொண்டு, "இது மாமா ஃபேன்" என்றான். இவ்வளவு சந்தோஷம் மாமாவுக்கு ஆகாமல் போய்விட்டது. செத்த நேரம் சுற்றட்டும், செத்த நேரம் சுற்றட்டும் என்று கயிற்றை இழுக்காமலேயே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் காற்று வந்துவிட்டது. கொடியில் கிடந்த துணியெல்லாம் பாய் வீட்டு மாடிக்குப் போனது. மேலே காத்தாடியின் சத்தம் மாறியது. காலையில் விசுக் விசுக்கென்று இருந்தது இப்போது விடாத உறுமலாக இருந்தது. மாமா சோற்றுக் கையோடு மாடிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கயிறு காற்றில் சுழன்று குழாயின் உச்சியில் சிக்கிக் கிடந்தது. குழாயைத் தொட்டால் கை அதிர்ந்தது. மாமா ஏணியைச் சாத்தினார். பின்னால் வந்த அம்மா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏறுனேன்னா என்னைய உயிரோட பாக்க மாட்ட" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கீழே தம்பி இருமினான். காற்று கொண்டுவந்த மண்ணோ, காலையில் போட்ட சாம்பிராணியோ தெரியாது. நாங்கள் இறங்கி வருவதற்குள் அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா மருந்தை ஊற்றி இன்வெர்ட்டரில் மெஷினைப் போட்டாள். மாஸ்க்கை அவன் முகத்தில் அமுக்கிப் பிடிப்பது எப்போதும் என் வேலை. புகை வந்தது. எனக்கு உயிர் வந்தது. பத்து மூச்சு விட்டிருப்பான், இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. மெஷினும் நின்றது.

மாமா மீட்டரை வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பேட்டரி நிறைந்துவிட்டது, அதற்கு மேலும் கரண்ட் வந்து முட்டுகிறது, அளவு மீறியதால் இன்வெர்ட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. இத்தனை நாளும் கரண்ட் இல்லாமல் நின்ற மெஷின் அன்றைக்குக் கரண்ட் அதிகமாகி நின்றது.

"காத்தாடி ஒயரப் பிடுங்கி விடுங்க மாப்ளே" என்றார் அப்பா.

"பிடுங்குனா அதுக்குப் பிடிமானமே போயிரும் அத்தான். இன்னும் வேகமாச் சுத்தி, இறக்கை பிச்சுக்கிட்டுப் பறந்துரும். பாய் வீட்டு மாடியில பிள்ளைக நிக்குது."

அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். பாயின் வண்டி அன்றைக்கென்று சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தது. தம்பியின் உதடு நிறம் மாறுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் கண்ணைத் துடைக்க மாஸ்க்கை எடுக்க வேண்டி வருமோ என்று, புகை வராத அந்த மாஸ்க்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டு கூடிப்போச்சுன்னா செலவழிச்சுத் தொலையேன்லே. அதுக்கு எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்க?"

"செலவழிக்கிற பெட்டிதானேக்கா வரல" என்று சொல்ல ஆரம்பித்த மாமா பாதியில் நிறுத்தினார். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடி, "பாய், கார் ஹெட்லைட் பல்பு எம்புட்டு இருக்கு?" என்று கத்தினார்.

"எத்தனை வேணும் தம்பி?"

"கடையில இருக்கிற அம்புட்டும்."

பாய் ஒரு அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவரும் மாமாவும் தரையில் மண்டியிட்டு, ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, பேட்டரியில் ஒவ்வொரு பல்பாகத் தொடுத்தார்கள். தரையில் சுட்டுவிடாமல் இருக்க அம்மா கல்யாணச் சீராக வந்த பெரிய தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தாள். பட்டப்பகலில் தாம்பாளம் நிறைய விளக்கு எரிந்தது. கண் கூசியது. மாமா மீட்டரையே பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுங்க பாய், இன்னொண்ணு" என்றார். அவசரத்தில் ஒரு பல்பு விழுந்து உடைந்தது. அப்புறம் இன்வெர்ட்டரின் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. மெஷின் உறுமியது. மாஸ்க்குக்குள் புகை திரண்டது. அப்பா ஆட்டோவோடு வந்து நின்றபோது தம்பி கண்ணை மூடி ஒழுங்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரர் எங்கள் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு ஏதோ விசேஷம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் மாமா ஏறிக் கயிற்றை விடுவித்து இறக்கைகளைக் கட்டிப் போட்டார். எதற்கெடுத்தாலும் அவரைத் திட்டுகிற அம்மா அன்று திட்டாமல் அவருக்கு மறுபடியும் இலை போட்டாள்.

மறுநாள் ஆடி ஒன்று. அன்றைக்குப் பார்த்துப் பெட்டி வந்துவிட்டதென்று பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. மாமா போய் எடுத்து வந்து ஓரமாக வைத்துவிட்டு, "புதுச் சாமான், ஆவணியில மாட்டிக்கிடுவோம்க்கா" என்றார். அப்பா காலண்டரைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

"வேண்டாம். இன்னைக்கே மாட்டு" என்றாள் அம்மா. "கரண்டு கட்டு ஆடிக்கு நிக்கப் போகுதா, அவன் இழுப்பு நிக்கப் போகுதா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரிடம் எங்கள் இரண்டு பேரையும் பாய் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டாள். நான் பாய் வீட்டு மாடிச் சுவரில் தொற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். மாமா பெட்டியை மாட்டி, கடைசித் திருகாணியை முடுக்கப் போகும்போது அம்மா ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள்.

"நீ கை வைக்காதலே. நான் முடுக்குதேன். கயித்தையும் நான்தான் அவுப்பேன், சுவிட்சும் நான்தான் போடுவேன்."

"ஏங்க்கா, மந்திரி மாதிரி நீதான் தொறந்து வைக்கணுமாக்கும்" என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முடுக்கினாள், கயிற்றை அவிழ்த்தாள், சுவிட்சைப் போட்டாள். மாமாவைக் கயிற்றின் நுனியைத் தொடக்கூட விடவில்லை. எவ்வளவு பெருமை பார் இந்த அம்மாவுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். காத்தாடி சுற்றியது, பெட்டி சூடானது, பேட்டரி அளவோடு நின்றது. ஒரு வம்பும் இல்லை.

அந்த ஆடி முழுவதும் அம்மா ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். அவள் முந்தானையைப் பிடிக்காமல் தூங்கத் தெரியாத தம்பியை அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் படுக்கப் போட்டாள். மடியில் ஏற வந்தால், "போடா, புழுக்கமா இருக்கு" என்று இறக்கிவிட்டாள். அவ்வளவு காற்றில் புழுக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. செல்லம் குறைந்தது நல்லதுதான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஊருக்குக் கிளம்பிய மாமாவையும் ஆடி முடிகிற வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். தம்பிக்கு இடையில் இரண்டு தடவை இழுத்தது. மெஷின் நிற்காமல் ஓடியது. அப்போதும் மாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் எட்டி நின்றுதான் பார்த்தாள்.

அந்த மாதத்தில்தான் என் பள்ளிக்கூடச் செருப்பு வார் அறுந்தது. புதுச் செருப்பு கேட்டேன். ஆடியில் புதுசு வாங்கக் கூடாது என்று ஊக்கைக் குத்திக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தனக்கு வேண்டுமென்றால் ஆடியாவது ஒன்றாவது என்று சுவிட்சைப் போடுவாள், எனக்கென்றால் மட்டும் ஆடி வந்து குறுக்கே நிற்குமா என்று பாய் வீட்டில் போய் முறையிட்டேன்.

அம்மா ஆடியை நம்பாமல் போகவில்லை, நம்பிக்கொண்டேதான் அந்தச் சுவிட்சைப் போட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆடியில் தொட்டதற்கு வருகிற கெடுதல் எதுவானாலும் கை வைத்த தன்னோடு போகட்டும், மாமாமேலும் பிள்ளைகள்மேலும் ஒட்டிவிடக் கூடாது என்றுதான் அவள் அந்த மாதம் முழுவதும் எங்களிடமிருந்து தள்ளித் தனியாகப் படுத்திருந்தாள். நான் ஊக்குக் குத்திய செருப்போடு, ஆவணி பிறக்கிற வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.