முதல் குடம் பால்

தான் விட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டே திரிகிறவர், உண்மையில் எதை விட்டார்? டைல்ஸ் வியாபாரியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் மனைவிக்கு இந்தச் சந்தேகம்தான். இருட்டிய பிறகு அவர் சாப்பிடமாட்டார். சாப்பிடாததைப் பற்றிப் படுக்கப்போகும்வரை பேசுவார். உயிர்வதை பாவம் என்பார். கிடங்கில் கரையான் மருந்து அடிப்பது வேலையாள், ஆகவே பாவம் அவன் தலையில்.

அவர்களுடைய ஜைனக் கோவிலில் குருவுக்குப் பளிங்குப் பாதங்கள் வைத்தார்கள். ஆயுள் முழுக்க வெறுங்காலோடு நடந்த துறவி அவர். "எனக்கென்று ஒரு கல்லும் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பெரிய கல்லாகவே வைத்தார்கள். வெடித்துக் காய்த்துப்போன அந்தக் கால்கள், பளிங்கில் பச்சைக் குழந்தையின் பாதம்போல வழுவழுத்தன.

அந்தப் பாதங்களுக்கு முதல் குடம் பாலை யார் ஊற்றுவது? பணத்தை வைத்து ஏலம் போட்டால் கேவலமாம். உபவாசத்தை வைத்துப் போட்டார்கள். அவளுடைய அண்ணன் ஐந்து நாள் என்றார். இவர் எட்டு என்று கத்தினார். எட்டு நாளும் வெந்நீரைக் குடித்துக்கொண்டு சோபாவில் கிடந்தார். போன் பேசத் தெம்பு குறையவில்லை.

"எங்க அண்ணனுக்கே விட்டிருக்கலாமே?"

"உங்க அண்ணன் மூணாம் நாளே சுருண்டுடுவார். பக்தின்னா சும்மாவா?"

"பக்திக்கு எதுக்குங்க போட்டோகிராபர்?"

அபிஷேகத்துக்கு முந்தின நாளே அவர் போட்டோகிராபரை வரச்சொல்லி, டீக்கடையில் வாங்கிய சர்க்கரை கலந்த பாலைப் பாதங்களில் ஊற்றி ஒத்திகை பார்த்தார். அவசரத்தில் மேலே துடைத்தார்கள், விரலிடுக்கை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை திரையை விலக்கினால், பளிங்கு விரல்களுக்கிடையே எறும்புகள் கறுப்பாக அப்பிக் கிடந்தன. வியாபாரி குடத்தைத் தூக்கியபடி நின்றார்.

"நல்ல நேரம் முடியப்போகுது, ஊத்துங்க!" என்றார் பூசாரி.

"ஒரு துணியால இழுத்தா போச்சு, மாப்ளே. இல்லேன்னா குடத்தை இங்க குடுங்க" என்று அண்ணன் கை நீட்டினார்.

ஊற்றிவிடுவார் என்றே அவள் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். பாவம் பூசாரி தலையில்.

அவர் குடத்தைத் தரையில் வைத்தார். பாதங்களுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டார். அண்ணன் தோளைப் பிடித்து இழுத்தார், பூசாரி தலையிலடித்துக்கொண்டார். இதுவும் ஒரு வேஷமா? அவர் கண் கேமராப் பக்கம் போகிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். போகவில்லை. நல்ல நேரம் கழிந்தது. எறும்புகள் தங்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எட்டு நாள் பட்டினி கெடந்தது இதுக்கா? எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?"

எதையும் சொல்லாமல் விட்டதேயில்லாத மனிதர், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.