சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருக்காதவர்கள்

நன்றாக ஓடுகிற லாரி என் பட்டறையைத் தேடி வருவதில்லை. காலையில் கிளம்ப மறுத்த லாரியின் சொந்தக்காரர்தான் கடுகடுத்த முகத்தோடு வருவார். அப்படி வந்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

பனிநாட்டுக் கேபிள்

டுரியான் துங்காலில் சமைத்து, செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர் கமலா அக்கா. அவர் வாங்கிய பழைய ஜப்பான் லாரியின் முன்பக்கம் ஒரு கேபிள் தொங்கியது. பனி கொட்டும் ஊரில் அதைக் கரண்டில் சொருகி எஞ்சினைச் சூடாக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் வண்டி அசையாது என்று விளக்கினேன். நம் ஊருக்கு எதற்கு என்று கழற்றியும் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "லாரிக்கே அங்க சுடுதண்ணி போட்டு வைக்கிறாங்க. இங்க எனக்கு ஒரு தேத்தண்ணி கலக்க ஆள் இல்ல லா."

மஞ்சள் விளக்கு

கேபிள் வேண்டாமே தவிர, பழைய டீசல் எஞ்சினுக்கு இங்கேயும் கொஞ்சம் சூடு வேண்டும். சாவியைப் பாதி திருப்பினால் மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஹீட்டர் பிளக் சூடானதும் அணையும். பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைத் தெங்கேரா ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோட்ல சிக்னலுக்கு நிக்கிறது பத்தாதா பாஸ், சொந்த லாரிக்குள்ளயுமா?"

மூன்று காலை

அக்காவின் டிரைவர் முனியாண்டி அண்ணன் மகளைப் பார்க்க ஜொகூர் போனார். அவருக்குப் பதிலாக அக்காவின் மருமகன் ஓட்ட வந்தார். மூன்று நாள் லாரி கிளம்பவில்லை, சாப்பாடு தாமதம். இன்னொரு முறை என்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று கேன்டீனில் சொல்லிவிட்டார்கள். சமையல்கட்டில் ஆறு பேருக்கு அதுதான் பிழைப்பு. நான் பேட்டரியை மாற்றினேன், டீசல் பைப்பைக் கழுவினேன், பலனில்லை.

நாலாம் நாள் காலை, லாரி பக்கத்தில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை: "ஒண்ணும் பண்ண மாட்டேன் தம்பி. சாவியப் பாதி திருப்பி வச்சிட்டு எறங்கி, வண்டி முன்னாடி சூடம் காட்டுவேன். அது அணைஞ்சதும் ஏறி ஸ்டார்ட் பண்ணுவேன்."

சூடம் எரிகிற நேரத்தில் பிளக் சூடாகியிருக்கிறது. ஏறிப் பார்த்தால், மஞ்சள் விளக்கின் பல்பு எப்போதோ போயிருந்தது. எரியாத விளக்குக்கு மருமகன் ஏன் காத்திருப்பார்? அதைப் பார்க்காமல் விட்டதில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மருமகனைச் சாவியைப் பாதி திருப்பிவிட்டு முப்பது வரை எண்ணச் சொன்னேன். ஒரே திருப்பில் கிளம்பியது. சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் புது பல்போடு போனால், லாரி முன்னால் அக்காவே சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். இனி விளக்கே சொல்லும், அது போனாலும் எண்ணினாலே போதும் என்றேன். "எண்ணறவன் அவசரத்துல ரெண்டு விட்டுட்டு எண்ணுவான் தம்பி. சூடம் அவசரப்படாது."

இப்போதெல்லாம் என் பட்டறையில் பழைய டீசல் லாரிக்கு ஹீட்டர் பிளக் மாற்றினால், கூடவே ஒரு பாக்கெட் சூடமும் இலவசம்.