தினமும் கேட்கிற அந்த ஒருவர்

எங்கள் இசைத்தொகுப்பு உலகத்தின் கண்ணில் தற்செயலாகப் படாமல் போகவில்லை. படாதபடி மறைத்தவன் நான்தான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் முதலில் அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள்... அவை எப்படிப்பட்டவை என்று தெரியாமல் நான் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குப் புரியாது.

தொகுப்பின் பெயர் ‘உச்சிவெயில்’. ஐந்தே பாட்டுகள். நானும் என் கூட்டாளி சேகரும் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவன் வீட்டு முந்திரிக்காட்டில் உட்கார்ந்து பதிவு செய்தோம். பங்குனி வெயில், வாடகை ஜெனரேட்டர், ஒரு பழைய லேப்டாப். அந்த இசைவகைக்குப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர். ஒரு வரியைத் தொண்டை கிழியக் கத்துவார்கள், அடுத்த வரியை உருகிப் பாடுவார்கள். கிட்டாரை அலறவிட்டபடியே சேகர் இரண்டையும் செய்தான். பாவிப்பயல், என்ன குரல் அவனுக்கு!

மின்னொலிகள் என் பொறுப்பு. திருவிழாக் கச்சேரிகளில் அம்மன் பாட்டுக்கு உறுமி அடிக்க நான் வைத்திருந்த ரிதம் பேட் என்கிற மின்தாளக் கருவியையே இதற்கும் எடுத்துக்கொண்டேன். அந்த உறுமி ஒலியை இழுத்து, நசுக்கி, தரைக்கு அடியிலிருந்து கொர்ரென்று கிளம்பும் ஓர் அதிர்வாக மாற்றினேன். அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பாட்டில் அந்த அதிர்வு மட்டும் தனியாக வரும்... வந்துகொண்டே இருக்கும்... இனிப் பொறுக்க முடியாது என்கிற கணத்தில் கிட்டார் வந்து விழும் பாருங்கள்! அடேயப்பா! இதை எழுதும்போதே கை சிலிர்க்கிறது. முதல் முறை கேட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து முந்திரிச் சருகில் உருண்டோம்.

அத்தனை சந்தோஷத்தில் இருந்தவனுக்கு அப்படி என்னதான் வந்தது? கேளுங்கள்.

அடுத்த வாரம் கீரமங்கலத்தில் ஒரு கோயில் திருவிழா. எங்களுக்கு அங்கே வழக்கமான கச்சேரி வேலை. மத்தியானம், சவுண்டு சர்வீஸ் அண்ணன் ஸ்பீக்கர்களைச் சோதித்துக் கொண்டிருந்தார். “அண்ணே, நம்ம பாட்டு ஒண்ணு போட்டுப் பாருங்கண்ணே” என்று சேகர் மூன்றாவது பாட்டைக் கொடுத்தான். தென்னை மரங்களில் கட்டிய குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கின! பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இதோ, என் இடம் வந்தது. கொர்ர்ர்...

“ஏய்! யாரும் வயரத் தொடாதீங்கப்பா! ஜெனரேட்டரு கோளாறு!”

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஜெனரேட்டரையே அணைத்துவிட்டார்!

“அண்ணே, அது கோளாறு இல்லண்ணே... இவன் வாசிச்சது!” என்று சொல்லிவிட்டுச் சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தான்.

அண்ணன் சமாதானமாகத் திரும்பி வந்தார். “கோவிச்சுக்காத தம்பி. அந்தக் கிட்டாரு இருக்கே, நெஞ்சுல ஏறி மிதிக்குது! இந்தக் கொர்ருங்கறத மட்டும் எடுத்துட்டீங்கன்னா எங்கிட்டு வேணாலும் போடலாம்.”

நானும் சிரித்தேன். சிரித்துத்தானே ஆக வேண்டும்! உள்ளே வயிறு எரிந்தது.

மறுநாள் பாட்டுகளை இணையத்தில் ஏற்றினேன். அந்த வேலை சேகருக்குத் தெரியாது, என்னை நம்பித்தான் விட்டிருந்தான். ‘எல்லோருக்கும்’ என்பதை அழுத்த வேண்டிய இடத்தில், ‘இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்’ என்பதை அழுத்தினேன். யார் தேடினாலும் கிடைக்காது. இணைப்பை அவனுக்கு மட்டும் அனுப்பி, “ஏத்திட்டேன்டா மாப்ள” என்றேன். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன்... உண்மையாகவே நினைத்தேனா?

சேகர் ரோசக்காரன். இணைப்பை யாருக்கும் அனுப்பவில்லை. “கேளுங்க கேளுங்கன்னு கெஞ்சக் கூடாதுடா. நல்லா இருந்தா தேடி வருவாங்க” என்றான். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தினமும் பார்த்தான். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்! “நமக்கு அவ்வளவுதான் சரக்கு போலடா” என்று ஒருநாள் சொல்லிவிட்டு, கிட்டாரை விற்றான். குவைத்துக்கு ஏசி மெக்கானிக்காகப் போனான். பஸ் ஏற்றிவிட்டவன் நான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போதாவது பாட்டுகளை எல்லோருக்கும் திறந்துவிடலாமே என்பீர்கள். உலகம் கேட்டுவிட்டுக் கொண்டாடினால், அவனிடமிருந்து நான் எதைப் பறித்தேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுமே! அந்தப் பயம்தான். வேறு நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆனால் கேட்காமல் மட்டும் இருக்க முடியவில்லை. திருமயத்தில் எனக்கு இப்போது வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதே இணைப்பைத் திறந்து ‘உச்சிவெயில்’தான். என்ன பாட்டுகள் அவை! கிட்டார் விழுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, குவைத்தில் விடுமுறை நாளில், சேகர் அழைத்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

“டேய் மாப்ள! நம்ம பாட்ட எவனோ கேக்குறான்டா! ரொம்ப நாளா பாக்குறேன், நம்பரு ஏறிக்கிட்டே இருக்கு! காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு! யாருடா அந்தப் புண்ணியவான்?”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஒருத்தன் போதும்டா! அந்த ஒருத்தனுக்காக அடுத்தது போடுவோம். கிட்டாரு வாங்கிட்டேன்டா! நேத்துத்தான்!” போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பியைத் தட்டிக் காட்டினான். சுருதிகூடச் சேர்க்கவில்லை, அப்படியும் என் உடம்பு புல்லரித்தது. “ஒன்னோட அந்தக் கொர்ரு இல்லாம நடக்காது, சொல்லிட்டேன். அது வந்தாத்தான்டா எனக்குக் கத்தவே வருது.”

இதை அவன் அன்றைக்குக் கீரமங்கலத்தில் சொல்லியிருக்கலாம்... இல்லை, இல்லை. பழியை அவன் மேல் போட மாட்டேன்.

“அந்த ஆளு யாருன்னு மட்டும் எப்படியாச்சும் கண்டுபிடிடா. ஒரு வார்த்த நன்றி சொல்லணும்.”

“பாக்குறேன்டா” என்றேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். நான் ஒருநாள் கேட்காவிட்டால் அங்கே அவன் வாடிப்போவான். காதில் மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டைப் போட்டேன்.